இருபது பேர் நிற்கட்டும், வரிசை போட எங்களுக்கு இடம் கொடுங்கள்

ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவுக்கும், 2028 பிரைமரிக்கு (கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்கு) விதி எழுதும் அதன் விதிகள் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் சான் லியாண்ட்ரோவிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கட்சியில் பதிவு செய்துகொண்ட வாக்காளர்களில் ஒருவன். இதே மடலை ஆங்கிலத்தில் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நம் ஆட்கள் நவம்பர் தேர்தலைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். பிரைமரி என்றால் மட்டும் 'அது கட்சிக்காரங்க சமாச்சாரம்' என்று நகர்ந்துவிடுவார்கள். நவம்பரில் யார் யாரிலிருந்து தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்பது அந்தச் சமாச்சாரத்தில்தான் முடிவாகிறது. அவர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். 2028ல் டொனால்ட் டிரம்ப் மறுபடி நிற்க அரசியல் சட்டம் இடம் கொடுக்காது. உங்கள் பக்கமும் பதவியில் இருக்கும் அதிபர் என்று யாரும் இல்லை. நாற்காலி காலி என்றால் கூட்டம் சேரும். 2016ல் குடியரசுக் கட்சியில் 17 பேர் நின்றார்கள். 2020ல் உங்கள் கட்சியில் பெயர் தெரிந்தவர்களே 25 பேருக்கு மேல். இந்த முறையும் இருபதைத் தொட்டால் யாரும் மூக்கில் விரல் வைக்கப் போவதில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் வாசலில் நின்று ஆள் குறைப்பது இரண்டு கட்சிகளுக்குமே பழக்கமாகிவிட்டது. நான் கேட்பது வேறு. வாசலை விடுங்கள், ஓட்டுச் சீட்டை மாற்றுங்கள். எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கட்டும். எங்களுக்குப் பிடித்தவர்களை 1, 2, 3 என்று வரிசை போட இடம் கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு 2020 மார்ச்சைவிட நல்ல சாட்சி கிடையாது.

அந்த ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி ஐயோவா மக்கள் கூடி நாட்டுக்கே முதல் முடிவைச் சொல்ல வேண்டிய நாள். கலிபோர்னியாவில் தபால் ஓட்டுச் சீட்டுகள் புறப்பட்டதும் அதே நாளில்தான். எங்கள் வீட்டுக்கு வந்த சீட்டில் அதிபர் பதவிக்கு 20 பெயர்கள் இருந்தன. கோரி புக்கர், ஜூலியன் காஸ்ட்ரோ, மரியான் வில்லியம்சன், ஜான் டெலானி, ஜோ செஸ்டாக் எல்லாரும் அதில் உண்டு. இந்த ஐந்து பேரும் சீட்டு எங்கள் கைக்கு வருமுன்பே போட்டியிலிருந்து விலகிவிட்டவர்கள். அச்சான பெயரை அழிக்க முடியாதே. அடுத்த வாரம் ஆண்ட்ரூ யாங் போனார், மைக்கேல் பென்னட் போனார், டெவால் பேட்ரிக் போனார். 29ஆம் தேதி இரவு டாம் ஸ்டெயர். மார்ச் 1 ஞாயிறு பீட் புட்டிஜெட்ஜ். மார்ச் 2 திங்கள் ஏமி குளோபுசார். மார்ச் 3 செவ்வாய் காலை கலிபோர்னியாவில் வாக்குச்சாவடி திறந்தபோது, அந்த இருபதில் நாடறிந்தவர்கள் என்று களத்தில் மிஞ்சியவர்கள் ஐந்தே பேர்.

என் மனைவி குளோபுசாருக்கு வட்டத்தைக் கறுத்து இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிட்டாள். நான் சவுத் கரோலினா முடிவு வரட்டும் என்று சீட்டை ஃபிரிட்ஜ் மேல் போட்டுவைத்திருந்தேன். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். அந்த மாதம் சந்தித்த இடமெல்லாம் ஒரே பேச்சு. யாரைப் பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் யாருக்குப் போடுவார்கள், முன்னணியில் இருந்த சாண்டர்ஸை யார் தடுப்பார், பைடன் தேறுவாரா, வாரனுக்குப் போட்டால் ஓட்டு பிரிந்துவிடுமா என்றே எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு கோடிப் பேர் வாழும் மாநிலத்தில் ஒவ்வொரு வாக்காளரும் கருத்துக்கணிப்பு ஜோசியராக மாறி உட்கார்ந்திருந்த மாதம் அது.

கணக்கைப் பாருங்கள். கலிபோர்னியாவில் விழுந்த ஓட்டு சுமார் 58 லட்சம். பெர்னி சாண்டர்ஸுக்கு 36 சதவீதம், ஜோ பைடனுக்கு 28. எலிசபெத் வாரன் 13, மைக்கேல் புளூம்பெர்க் 12. ஏற்கெனவே விலகிவிட்ட புட்டிஜெட்ஜுக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் ஓட்டுகள். விலகிவிட்ட குளோபுசாருக்கு ஒண்ணேகால் லட்சம் (அதில் ஒன்று எங்கள் வீட்டுடையது). உங்கள் விதிப்படி மாநில அளவிலோ தொகுதி அளவிலோ 15 சதவீதத்தைத் தொடாதவருக்கு அங்கே பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் ஓட்டுப் போட்டு வேட்பாளரை முடிவு செய்பவர்கள்) கிடையாது. ஆக, 36 சதவீத ஓட்டு வாங்கிய சாண்டர்ஸுக்கு மொத்தம் 415 பிரதிநிதிகளில் 225 போனார்கள். பாதிக்கு மேல். பைடனுக்கு 172. வாரனுக்கும் புளூம்பெர்க்குக்கும் சில தொகுதிகளில் மட்டும் வரம்பைத் தாண்டியதால் இருவருக்கும் சேர்த்து 18. இந்த நாலு பேருக்கு, அதாவது வாரன், புளூம்பெர்க், புட்டிஜெட்ஜ், குளோபுசாருக்கு விழுந்த ஓட்டு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 18 லட்சம் பேர். அந்த 18 லட்சம் பேருக்கும் இரண்டாவதாக ஒருவர் மனதில் இருந்திருப்பார். அதை எழுத சீட்டில் இடம் இல்லை.

அந்த வாரக் கடைசியை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஐயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் அடிவாங்கிய பைடன், சனிக்கிழமை சவுத் கரோலினாவில் பாதிக்குச் சற்றுக் குறைவான ஓட்டோடு ஜெயிக்கிறார். மூன்று நாளுக்கு முன்தான் அந்த மாநிலத்தின் செல்வாக்குள்ள எம்.பி. ஜிம் கிளைபர்ன் அவருக்கு ஆதரவு சொல்லியிருந்தார். ஞாயிறு இரவு புட்டிஜெட்ஜ் தன் சொந்த ஊரான சவுத் பெண்டில் மேடையேறி விலகுகிறார். திங்கள் மாலை டல்லாஸில் ஓர் உணவகத்தில் பைடன் பக்கத்தில் நின்று ஆதரவு அறிவிக்கிறார். கொஞ்ச நேரத்தில் அதே ஊரில் நடந்த பொதுக்கூட்ட மேடையில் குளோபுசார். அப்புறம், முன்பே போட்டியிலிருந்து விலகியிருந்த டெக்சஸ்காரர் பேட்டோ ஓ'ரூர்க். மறுநாள் ஓட்டுப் போட்ட 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு.

தமிழ்நாட்டு அரசியல் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றுமில்லை. ஓட்டு பிரியக் கூடாது என்றால் தலைவர்கள் கூட்டணி பேசுவார்கள், தொகுதி பிரிப்பார்கள், தோளில் சால்வை போடுவார்கள். ஆனால் அங்கே கூட்டணி ஓட்டுப்பதிவுக்கு முன்னால் முடிந்துவிடும். இங்கே பல லட்சம் பேர் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிறகு கூட்டணி அமைந்தது. சீட்டைத் தாமதமாகப் போட்ட நான் புதிய நிலவரத்துக்கு ஏற்றபடி போட்டேன். விதியை மதித்து நேரத்தோடு அனுப்பியவளின் ஓட்டு வீணாயிற்று. முன்கூட்டியே ஓட்டுப் போடச் சொல்லி வருடம் முழுக்கப் பிரசாரம் செய்யும் கட்சி, முன்கூட்டியே போட்டவர்களை இப்படி நடத்தலாமா?

'முடிவு நல்லபடியாகத்தானே வந்தது, பைடன் நவம்பரில் டிரம்பைத் தோற்கடித்தாரே' என்று நீங்கள் சொல்லலாம். பலர் என்னிடம் சொல்லியும் இருக்கிறார்கள். முடிவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அது 72 மணி நேரத்தில் இரண்டு பேர் எடுத்த முடிவில் தொங்கிக்கொண்டிருந்ததே, அதுதான் புகார். புட்டிஜெட்ஜும் குளோபுசாரும் இன்னும் ஒரு செவ்வாய் பார்த்துவிடலாம் என்று இருந்திருந்தால்? குளோபுசாரின் சொந்த மாநிலமான மினசோட்டா அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஓட்டுப் போட்டது. அவர் இருந்து பார்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. மறுபக்கம், சாண்டர்ஸ் ஆதரவாளர்களின் மனதில் 'மேலிடம் கூடி எங்களைக் கவிழ்த்தது' என்ற கசப்பு இன்றுவரை தங்கியிருக்கிறது. புட்டிஜெட்ஜ் வாக்காளர்களின் இரண்டாவது தேர்வு யார் என்று சீட்டிலேயே எழுதியிருந்தால், எண்ணிக் காட்டியிருக்கலாம். சாண்டர்ஸ் ஜெயித்திருந்தாலும் சரி, தோற்றிருந்தாலும் சரி, அதற்கு மேல் பேச்சு இருந்திருக்காது.

அந்த இருவரும் விலகாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு எதிர்க்கட்சியிலேயே பாடம் இருக்கிறது. 2016ல் குடியரசுக் கட்சியில் யாரும் நேரத்தோடு விலகவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் டிரம்ப் 35 சதவீதம். அவருக்குக் கீழே ஜான் கேசிக் 16, டெட் குரூஸ் 12, ஜெப் புஷ் 11, மார்கோ ரூபியோ ஏறக்குறைய அதே 11. நாலு பேரும் 'நான்தான் டிரம்புக்கு மாற்று' என்றார்கள். நாலு பேரும் மற்ற மூவர் விலகக் காத்திருந்தார்கள். அடுத்து சவுத் கரோலினா. டிரம்புக்கு 32.5 சதவீதம், ரூபியோவுக்கும் குரூஸுக்கும் தலா 22 சொச்சம். அந்த மாநிலத்தில் மாநில அளவிலும் ஒவ்வொரு தொகுதியிலும் முதலில் வருபவருக்கே எல்லாம் என்ற விதி. டிரம்ப் 50க்கு 50 பிரதிநிதிகளையும் அள்ளிக்கொண்டு போனார். மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத ஓட்டுக்கு முழுச் சட்டியும்.

அதைவிட வேடிக்கை, அந்தக் கூட்டத்தில் யார் யாரை அடித்தார்கள் என்பது. புஷ்ஷுக்காக 100 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டிய அமைப்பு, முன்னணியில் இருந்த டிரம்பை விட்டுவிட்டு ரூபியோவைத் தாக்கும் விளம்பரங்களில் பணத்தைக் கொட்டியது. நியூ ஹாம்ப்ஷயர் ஓட்டுப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு நடந்த விவாதத்தில் கிறிஸ் கிறிஸ்டி ரூபியோவைப் பிடித்து உலுக்கினார். ரூபியோ மனப்பாடம் செய்த ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மாட்டிக்கொண்டார். அந்த இரவு ரூபியோவின் பிரசாரம் சாய்ந்தது. கிறிஸ்டிக்கு லாபம்? 7 சதவீதம் வாங்கி, ஓட்டு எண்ணிய மறுநாள் வீட்டுக்குப் போனார். ஒற்றை ஓட்டு முறையில், நெரிசலான போட்டியில் இப்படித்தான் நடக்கும். முதலாமவரின் ஆதரவாளர்கள் அசைய மாட்டார்கள். ஆகவே பக்கத்தில் நிற்பவனின் பையில்தான் எல்லாரும் கை விடுவார்கள். ஏப்ரல் கடைசியில் குரூஸும் கேசிக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். இண்டியானாவை நீ பார், ஓரிகனையும் நியூ மெக்சிகோவையும் நான் பார்க்கிறேன் என்று. அது ஒரு நாள்கூட ஒழுங்காக நிற்கவில்லை. மே 3 இண்டியானா முடிந்ததும் குரூஸ் விலகினார், மறுநாள் கேசிக்.

கூட்டம் குறைவாக இருந்திருந்தால் டிரம்ப் தோற்றிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. நேருக்கு நேர் நின்றாலும் ஜெயித்திருப்பார் என்று வாதிடுபவர்கள் உண்டு, அவர்கள் வாதத்தில் சத்தும் உண்டு. அந்தச் சீட்டுகளில் இரண்டாம் தேர்வு இல்லாததால் அதை நிரூபிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

சரி, கூட்டத்தைக் குறைக்க நீங்கள் கையாண்ட வழிக்கு வருகிறேன். 2019 ஜூனில் மயாமியில் முதல் விவாதம். இருபது பேரை இரண்டு இரவாகப் பிரித்தீர்கள். ஒரு பதிலுக்கு 60 விநாடி. இரண்டாம் நாள் பைடன் 13 நிமிடத்துக்கு மேல் பேசினார், யாங் சுமார் 3 நிமிடம். நேரம் போதாததால் நெறியாளர்கள் 'கை தூக்குங்கள்' என்று கேட்க ஆரம்பித்தார்கள். தனியார் மருத்துவக் காப்பீட்டை ஒழிக்க யார் தயார்? கை தூக்கு. கமலா ஹாரிஸ் தூக்கினார். மறுநாள் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றார். கோடிக்கணக்கான குடும்பங்களின் மருத்துவச் செலவைப் பற்றிய கொள்கை, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி முடிந்துபோனது. எல்லையை அனுமதியின்றிக் கடப்பது குற்றமாக இருக்கக் கூடாது என்ற கேள்விக்கும் இதே கதைதான். எழுந்த கைகளின் படம் பிறகு எதிர்க்கட்சிக்கு நன்றாகவே பயன்பட்டது.

அப்புறம் வாசல் நிபந்தனைகள். முதல் விவாதத்துக்கு 65,000 நன்கொடையாளர்கள் அல்லது மூன்று கருத்துக்கணிப்புகளில் 1 சதவீதம். செப்டம்பருக்கு 1,30,000 நன்கொடையாளர்கள், கூடவே கருத்துக்கணிப்பில் 2 சதவீதம். நவம்பருக்கு 1,65,000. டிசம்பருக்கு 2,00,000. ஜனவரிக்கு 2,25,000. சாதாரண மக்களின் ஆதரவை அளக்க நல்ல எண்ணத்தில்தான் இதைக் கொண்டுவந்தீர்கள் என்று நம்புகிறேன். நடந்தது என்ன? ஒரு டாலர் நன்கொடைக்காகப் பல டாலர் விளம்பரம் செய்தார்கள். எனக்கு ஒரு டாலர் கொடுத்தால் உங்கள் பெயரில் தர்மத்துக்கு இரண்டு டாலர் தருகிறேன் என்றார் டெலானி. 2023ல் குடியரசுக் கட்சியும் இதே நன்கொடையாளர் எண்ணிக்கை விதியைக் கொண்டுவந்தபோது, நார்த் டக்கோட்டா ஆளுநர் டக் பர்கம் ஒரு டாலர் கொடுப்பவருக்கு 20 டாலர் பரிசு அட்டை தருவதாக அறிவித்தார். மேடையும் ஏறினார். நம் ஊரில் ஓட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பற்றி அமெரிக்க நண்பர்களிடம் சொல்லக் கூச்சப்படும் நான், அன்று கொஞ்சம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

புக்கர் விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2019 டிசம்பரில் அவர் முன்கை எடுத்து, மற்ற வேட்பாளர்களும் கையெழுத்திட்டு, விவாத நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி உங்களுக்குக் கடிதம் கொடுத்தார்கள். முடியாது என்றீர்கள். ஜனவரி 13ல் அவர் விலகினார். மறுநாள் ஐயோவாவின் டி மோய்ன் விவாத மேடையில் நின்ற ஆறு பேரும் வெள்ளையர்கள். ஜனவரி 31ல் நன்கொடையாளர் நிபந்தனையையே எடுத்துவிட்டீர்கள். யாரிடமும் நன்கொடை வாங்காமல் சொந்தப் பணத்தில் பிரசாரம் செய்த புளூம்பெர்க் லாஸ் வேகாஸ் மேடைக்கு வந்தார். ஓட்டுப்பதிவு தொடங்கிவிட்டால் அளவுகோல் மாறுவது இயல்பு என்பது உங்கள் விளக்கம். இருக்கட்டும். வெளியிலிருந்து பார்த்தவன் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

கமலா ஹாரிஸைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அம்மா ஷியாமளா கோபாலன் சென்னையிலிருந்து போனவர். பூர்விகம் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2019 ஜனவரியில் ஓக்லாந்தில், எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், சுமார் 20,000 பேர் கூடிய கூட்டத்தில் பிரசாரத்தைத் தொடங்கினார். டிசம்பர் 3ல் பணம் தீர்ந்துவிட்டது என்று விலகினார். ஒரே ஒரு ஓட்டுகூடப் பதிவாகாத நேரம். எங்கள் சொந்த மாநிலத்துச் செனட்டரின் பெயர், எங்கள் மாநிலத்துச் சீட்டில் இருந்த இருபதில் இல்லை. அவருடைய பிரசாரத்தில் குறைகள் நிறைய இருந்தன, பரிதாபப்படச் சொல்லவில்லை. ஆனால் அவரை விலக்கியது வாக்காளர் இல்லை. எட்டு மாதம் கழித்துத் துணை அதிபர் வேட்பாளராகவும், 2024ல் பிரைமரியில் நிற்காமலே அதிபர் வேட்பாளராகவும் அவரே வந்தார். தன் சொந்த மாநில மக்களிடம் அவர் ஒருமுறைகூட அதிபர் பிரைமரியில் ஓட்டுக் கேட்டதே இல்லை என்பதை நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது.

இனி, நான் கேட்கும் சீட்டைப் பற்றி. இது எங்கள் ஊரில் புதிதில்லை. சான் லியாண்ட்ரோ, ஓக்லாந்து, பெர்க்லி மூன்றிலும் 2010லிருந்து நகரத் தேர்தல்களில் வரிசை போட்டுத்தான் ஓட்டுப் போடுகிறோம். சான் பிரான்சிஸ்கோவில் 2004லிருந்தே. முதல் தேர்வில் யாருக்கும் பாதிக்கு மேல் இல்லையென்றால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த தேர்வுக்கு ஓட்டை மாற்றி எண்ணுவார்கள். 2010 ஓக்லாந்து மேயர் தேர்தலில் பத்துப் பேர். டான் பெராட்டா முதல் எண்ணிக்கையில் 34 சதவீதத்தோடு நல்ல முன்னிலை. ஜீன் குவான் 24. குவான் கூட்டத்துக்குக் கூட்டம் போய், உங்கள் முதல் ஓட்டு வேறொருவருக்கு என்றால் இரண்டாவதை எனக்குப் போடுங்கள் என்று கேட்டார். கடைசிச் சுற்றில் ஜெயித்தார். அவர் நல்ல மேயராக இருந்தாரா என்பது வேறு கதை, நாலு வருடத்தில் மக்களே அனுப்பிவிட்டார்கள். நான் கவனித்தது பிரசாரத்தின் தொனியை. அடுத்தவரின் ஆதரவாளரிடம் இரண்டாவது ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தால், அடுத்தவரைத் திட்டுவதில் ஒரு கட்டுப்பாடு வந்துவிடுகிறது. 2025ல் நியூயார்க் மேயர் பிரைமரியில் ஸோரான் மம்தானியும் பிராட் லேண்டரும் பரஸ்பரம் இரண்டாம் இடம் கேட்டு ஒன்றாகப் பிரசாரம் செய்ததை நீங்களே பார்த்தீர்கள். 2016ல் கிறிஸ்டிக்கு ரூபியோ ஆதரவாளர்களின் இரண்டாவது ஓட்டு தேவைப்பட்டிருந்தால் அந்த விவாத மேடை வேறு மாதிரி இருந்திருக்கும்.

உங்கள் கட்சிக்கும் இது அந்நியமில்லை. ஐயோவாவில் பள்ளி ஜிம்மில் மூலைக்கு ஒரு வேட்பாளர் பெயரில் கூடி நின்று, 15 சதவீதம் தேறாத மூலைக்காரர்கள் கலைந்து இரண்டாவது விருப்பமான மூலைக்குப் போவதைப் பல பத்தாண்டுகளாகச் செய்தீர்களே, அது காலால் போடும் வரிசை ஓட்டு. 2020 நெவாடாவில் அதையே காகிதத்தில் கொண்டுவந்தீர்கள். முன்கூட்டியே ஓட்டுப் போட்டவர்கள் குறைந்தது மூன்று பேரை, அதிகபட்சம் ஐந்து பேரை வரிசைப்படுத்தினார்கள். சுமார் 75,000 பேர். ஐயோவாவில் முடிவுகளை அனுப்பும் செயலி சொதப்பி நாடே சிரித்து மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில், அத்தனை வேட்பாளர்கள் களத்தில் இருந்தபோது, அது நடந்தது, ஒழுங்காகவே முடிந்தது. அதே ஆண்டு அலாஸ்கா, ஹவாய், கான்சஸ், வயோமிங் நாலு மாநிலக் கட்சிகளும் முழு ஓட்டெடுப்பையும் இப்படி நடத்தின. ஆனால் அதற்குள் களத்தில் ஆளே இல்லை, ஏப்ரல் 8ல் சாண்டர்ஸும் விலகிவிட்டார். அதனால் அவற்றைப் பெரிய பரீட்சை என்று நான் காட்ட மாட்டேன். நெவாடாவைத்தான் காட்டுவேன்.

அந்த நாலு மாநிலங்களில் கையாண்ட ஒரு நுணுக்கம் மட்டும் முக்கியம். நீங்கள் ஒரே ஒரு வெற்றியாளரைத் தேடவில்லை, பிரதிநிதிகளைப் பகிர்ந்து கொடுக்கிறீர்கள். ஆகவே கடைசியில் இருப்பவரை நீக்கிக்கொண்டே வந்து, மிஞ்சிய எல்லாரும் 15 சதவீதத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட வேண்டும். பிறகு விகிதப்படி பிரதிநிதிகள். உங்கள் 15 சதவீத விதியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். கலிபோர்னியாவின் அந்த 18 லட்சம் பேரில் எத்தனையோ பேருடைய ஓட்டு வாரனுக்கோ பைடனுக்கோ சாண்டர்ஸுக்கோ போய்ச் சேர்ந்து எண்ணிக்கையில் வந்திருக்கும்.

இதில் சிக்கலே இல்லை என்று நான் ஏமாற்றப் போவதில்லை. நியூயார்க்கில் 2021ல் சோதனைக்காகப் போட்ட 1,35,000 போலிச் சீட்டுகளை அழிக்க மறந்து உண்மை எண்ணிக்கையோடு சேர்த்து வெளியிட்டு, அப்புறம் வாபஸ் வாங்கினார்கள். எங்கள் அலமேடா கவுண்டியில் 2022ல் எண்ணும் மென்பொருளில் ஓர் அமைப்பு தவறாக இருந்ததால், ஓக்லாந்து பள்ளி வாரியத் தொகுதி ஒன்றில் தோற்றவரை வென்றவர் என்று அறிவித்துவிட்டார்கள். நீதிமன்றம் வரை போய்த் திருத்த வேண்டியிருந்தது. இவை முறையின் கோளாறு இல்லை, கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் 2020 ஐயோவாவுக்குப் பிறகு, முதல் மாநிலத்தில் இப்படி ஒன்று நடந்தால் உங்களை யாரும் மன்னிக்க மாட்டார்கள். எண்ணுவதற்கு முன் ஒத்திகை பார்க்கவும், முடிவைச் சுற்றுச் சுற்றாக வெளியிடவும் பணம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று, வாக்காளர் பழக்கம். இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்கு விருப்பு வாக்கு தெரியும். அங்கே ஜனாதிபதித் தேர்தலில் மூன்று பேர் வரை வரிசை போடலாம். 2024 செப்டம்பரில் 38 பேர் நின்றார்கள். அனுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42 சதவீதம் வாங்கினார். பாதியைத் தொடாததால் வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது. திறந்து பார்த்தால் தோற்ற வேட்பாளர்களுக்குப் போட்ட சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் இரண்டாம் விருப்பே இல்லை. சட்டத்தில் பல பத்தாண்டுகளாக இருந்த உரிமையை மக்கள் பயன்படுத்தவில்லை, ஏனென்றால் அதற்குத் தேவை வந்ததே இல்லை, யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நெவாடாவில் குறைந்தது மூன்று பெயர் கட்டாயம் என்று வைத்தது நல்ல யோசனை என்று இதனால்தான் நினைக்கிறேன்.

பெரிய தடை சட்டம். பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரியை நடத்துவது மாநில அரசு. புளோரிடாவும் டென்னசியும் 2022லேயே வரிசை ஓட்டுக்குத் தடை போட்டுவிட்டன, பின்னால் வேறு மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. அங்கெல்லாம் உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது, தெரியும். ஆனால் கட்சியே நடத்தும் பிரைமரிகளில் யார் தடுக்கிறார்கள்? சட்டம் இடம் கொடுக்கும் மாநிலங்களுக்கு, மெய்ன் போல, நாட்காட்டியில் முன்னுரிமை கொடுக்க யார் தடுக்கிறார்கள்? 1968ல் ஒரு பிரைமரியில்கூட நிற்காமல் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி வேட்பாளரானார். கட்சி மாநாடு நடந்த சிகாகோவில் தெரு பற்றி எரிந்தது. அதன் பிறகு நீங்கள் விதியைத் தலைகீழாக மாற்றினீர்கள், அதற்கேற்ப மாநிலங்கள் சட்டத்தை மாற்றின. 1982ல் சூப்பர் பிரதிநிதிகளை (பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல் மாநாட்டில் ஓட்டுப் போடும் கட்சித் தலைவர்களை) கொண்டுவந்தீர்கள், 2018ல் அவர்கள் மாநாட்டின் முதல் சுற்றில் ஓட்டுப் போடக் கூடாது என்றீர்கள். உங்களுக்கு மாற்றத் தெரியும்.

ஆகவே 2028 விதிகளை எழுதும்போது, கட்சி நடத்தும் எல்லாப் பிரைமரியிலும் வரிசை ஓட்டைக் கட்டாயமாக்குங்கள். மாநிலம் நடத்தும் இடங்களில், குறைந்தபட்சம் தபாலில் முன்கூட்டிப் போடுபவர்களுக்காவது அந்த வசதி கிடைக்க மாநிலங்களை நெருக்குங்கள். விவாதத்துக்கு நன்கொடையாளர் தலை எண்ணுவதை நிறுத்துங்கள். இருபது பேர் வந்தால் குலுக்கல் போட்டு ஐந்தைந்தாக நாலு இரவு நடத்துங்கள், யாருக்கும் கை தூக்கச் சொல்லாமல்.

எங்கள் மாநிலத்திலும் வேலை பாக்கி இருக்கிறது. வரிசை ஓட்டை இன்னும் பல ஊர்களுக்கு விரிவாக்கும் மசோதாவை 2019ல் ஆளுநர் கவின் நியூசம் ரத்து அதிகாரத்தால் தடுத்துவிட்டார். அதனால் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கும் ஒரு மடல் எழுத உட்காரப் போகிறேன். அதற்குள் உங்களிடமிருந்து பதிலாக நாலு வரி வந்தால், அதையும் இணைத்து அனுப்ப வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
சான் லியாண்ட்ரோ வாக்காளன் ஒருவன்